கீபோர்டுக்கு எதுக்குய்யா சீரியல் செட்டு?

முதலிலேயே என் கட்சி எதுன்னு சொல்லிடறேன். கேம் ஆடுவதற்காக மெக்கானிக்கல் கீபோர்டு வாங்குகிற நம்மாட்கள் முதலில் பார்ப்பது வெளிச்சம். அப்புறம் பிராண்டு. அதுக்கும் அப்புறம் போனாப் போகுதுன்னு சுவிட்ச். இந்த வரிசையை அப்படியே தலைகீழா மாத்தினா காசும் மிச்சம், கையும் மிச்சம். வெளிச்சமே கூடாதுன்னு சொல்ற சாமியார் நான் இல்லை. என் மேஜையில் இருப்பதும் எரிகிற கீபோர்டுதான். ஆனா அது என்ன வேலைக்கு எரியுதுன்னு ஒரு கேள்வி இருக்கில்லையா, அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். டீ, காபி ஏதாவது பக்கத்தில் வெச்சுக்கோங்க (கீபோர்டு மேல கொட்டிராம).

இதை இப்ப எழுதக் காரணம் என் சித்தி பையன். கோயம்புத்தூரில் வேலைக்குச் சேர்ந்து இது மூணாவது மாசம். ராத்திரி பதினோரு மணிக்கு ஒரு லிங்க் அனுப்பறான். "ஏனுங்ணா, இது வாங்கலாமா?" விலை பதினாலாயிரம். கையில் வாங்குற சம்பளத்தில் பாதிக்கு மேல. அதுல என்னடா விசேஷம்னா, "எட்டாயிரம் ஹெர்ட்ஸுங்ணா, ஒவ்வொரு கீயும் தனித்தனி கலரு" என்கிறான். சரி, மானிட்டர் என்ன வெச்சிருக்கே? அறுபது ஹெர்ட்ஸ். ஹாஸ்டலில் இருந்த காலத்துப் பழசு.

ஒரு கணக்குப் போடுவோம். சாதாரண கேமிங் கீபோர்டு விநாடிக்கு 1000 தடவை கம்ப்யூட்டருக்குத் தகவல் சொல்லுது, அதாவது 1 மில்லி விநாடிக்கு ஒரு தடவை. நீங்க அழுத்துற நேரம் இரண்டு தடவைக்கு நடுவில் எங்கேயோ விழும். ஆக சராசரிக் காத்திருப்பு அரை மில்லி விநாடி. 8000 ஹெர்ட்ஸ் ஆக்கினா அது சுமார் 0.06. மிச்சமானது 0.44 மில்லி விநாடி. அவனுடைய மானிட்டரோ அடுத்த படத்தைக் காட்டவே 16.7 மில்லி விநாடி எடுத்துக்குது. மூச்சு வாங்க ஓடிப்போய் பஸ் ஸ்டாண்டைப் பிடிச்சு, அரை மணிக்கு ஒண்ணு வர்ற பஸ்ஸுக்காக நிக்கிற கதைதான் இது. 144 ஹெர்ட்ஸ் மானிட்டர்னா ஒரு படத்துக்கு 6.9 மில்லி விநாடி. காசு போகவேண்டிய முதல் இடம் அது. இதைச் சொன்னதும் பையனிடமிருந்து ஒரு நிமிஷத்துக்குப் பதிலே இல்லை :-)

லைட்டு இல்லாத மெக்கானிக்கல் கீபோர்டு நம்மூருக்குப் புதுசும் இல்லை. டிவிஎஸ் கோல்டு ஞாபகம் இருக்கா? டிடிபி சென்டர், பேங்க் கவுண்டர்னு எங்கே போனாலும் டடக் டடக்னு சத்தம் போட்டுக்கிட்டு இருக்குமே, அதேதான். செர்ரி கம்பெனியின் ப்ளூ சுவிட்சைப் போட்டு வந்தது. இன்னைக்கு கேமிங் கடைகளில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து விற்கும் அதே ஜாதி. ஒரு பல்பு கிடையாது. டைப்ரைட்டிங்கில் லோயர், ஹையர் முடிச்ச அக்காக்கள் அதில் அடிக்கிற வேகத்தைப் பார்த்தவங்களுக்குத் தெரியும், விரலுக்கு வெளிச்சம் தேவையில்லை. எஃப்பிலும் ஜேயிலும் இருக்கிற சின்ன மேடு போதும். (தமிழ்99 அடிக்கிறவங்களுக்கு அந்த மேடு புள்ளியிலும் 'ப'விலும் இருக்கு.)

அப்ப வெளிச்சம் எதுக்கு? இருட்டு ரூமில் கை கீபோர்டை விட்டு வெளியே போய்த் திரும்பி வரும்போது, எப்பவோ ஒரு தடவை அமுக்குகிற கீயைத் தேடுவதற்கு. எஃப்7, பிரிண்ட் ஸ்கிரீன், அந்த மாதிரி. அவ்வளவுதான். அந்த வேலைக்கு ஒரே கலர் போதும், மங்கலா எரிஞ்சாலே போதும். முக்கியமா எழுத்து வழியா வெளிச்சம் வெளியே வரணும். பெரும்பாலான ஆர்ஜிபி கீபோர்டுகள் சறுக்குவது இந்தக் கடைசி விஷயத்தில்தான். கீக்குச் சுத்திலும் கல்யாண வீட்டு வாசல் மாதிரி ஜொலிக்கும், எழுத்து மட்டும் தெரியாது.

இதுக்குப் பின்னாடி ஒரு வாஸ்து சமாச்சாரம் இருக்கு. சிரிக்காதீங்க, நிஜமாவே வடக்கு தெற்குதான். ஒவ்வொரு சுவிட்ச்சுக்கும் கீழே ஒரு எல்ஈடி. அது உங்களுக்கு எதிர்ப்பக்கம், திரையைப் பார்த்து இருந்தா வடக்கு பார்த்த போர்டு. உங்களைப் பார்த்து இருந்தா தெற்கு பார்த்த போர்டு. கீகேப்பில் எழுத்தை வழக்கமா மேல் பாதியில் அச்சடிக்கிறாங்க. ஆக வடக்கு பார்த்ததில் எழுத்து பளிச்சுனு தெரியும், தெற்கு பார்த்ததில் மங்கும். அப்ப எல்லாரும் வடக்கே வாங்கிடலாமேன்னா, அங்கே ஒரு சிக்கல். செர்ரி புரொஃபைல் என்று குட்டையான கீகேப் வகை ஒண்ணு இருக்கு. கஸ்டம் செட்டுகளில் நிறைய வருவது அதுதான். வடக்கு பார்த்த போர்டில் சில வரிசைகளில் அந்தக் கீகேப்பின் உள்சுவர் சுவிட்ச்சின் தலையில் போய் இடிக்கும். சத்தமும் தொடுவுணர்வும் கெட்டுப்போகும். அதனாலதான் கஸ்டம் ஆசாமிகள் தெற்கு தெற்குன்னு அடிச்சுக்கறாங்க. இருட்டில் எழுத்து தெரியணுமா, பின்னாடி நல்ல கீகேப் மாத்தணுமா? வாங்கும்போதே இதை முடிவு பண்ணிடணும். போர்டை வாங்கின பிறகு எல்ஈடியைத் திருப்பி வைக்க முடியாது.

கீகேப்பும் அப்படித்தான். பிபிடி பிளாஸ்டிக்கில் சாயம் ஏற்றி எழுத்துப் போட்டது ரொம்ப வருஷம் உழைக்கும், ஏபிஎஸ் மாதிரி சீக்கிரம் எண்ணெய் வழியாது. ஆனா வெளிச்சம் உள்ளே புகாது. வெளிச்சம் வரணும்னா இரட்டை வார்ப்பு வேணும். இரண்டு கலர் பிளாஸ்டிக்கை ஒண்ணுக்குள்ள ஒண்ணா வார்த்து, உள் பிளாஸ்டிக்கே எழுத்தாத் தெரிகிற வகை அது. அதில் எழுத்து அழியவே அழியாது. விலை குறைந்த இரட்டை வார்ப்பு கீகேப்பைக் கவனிச்சுப் பாருங்க, ஏ, ஓ மாதிரி மூடின வளைவு இருக்கிற எழுத்துகளில் ஒரு வெட்டு இருக்கும். லாரி பின்னாடி தகட்டை வைத்துப் பெயின்ட் அடித்த எழுத்து மாதிரி. வளைவுக்குள் இருக்கும் துண்டு எதையாவது பிடிச்சுக்கிட்டு நிக்கணுமே, அதுக்குத்தான். இங்கிலீஷுக்கே இந்தப் பாடுன்னா நம்ம ண-வும் ஞ-வும் என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க. கடையில் கிடைக்கும் தமிழ் ஸ்டிக்கரை மேலே ஒட்டினா இருக்கிற வெளிச்சமும் அடைஞ்சு போகும்.

இந்த இடத்தில் பையன் ஒரு கேள்வி கேட்டான். "கலர் புடிச்சிருக்குங்ணா. அதுக்காகவே வாங்கக் கூடாதா?" நியாயமான கேள்வி. தாராளமா வாங்கலாம். நான் கேட்டதெல்லாம் அதை "நல்லா ஆடறதுக்கு" என்ற கணக்கில் எழுதாதே, "ஆசைக்கு" என்ற கணக்கில் எழுது என்பதுதான். ஆசைக் கணக்கில் எழுதினா பதினாலாயிரம் பெருசாத் தெரியும். ஆட்டக் கணக்கில் எழுதினா சின்னதாத் தெரியும். கம்பெனிக்காரன் பெட்டி மேல பெரிய எழுத்தில் கேமிங்னு போடுவது நாம இரண்டாவது நோட்டில் எழுதணும்னுதான்.

சரி, ஆட்டத்துக்கு நிஜமாவே எது உதவும்? முதலில் ஒரே நேரத்தில் பல கீ அழுத்தினா எல்லாமே பதிவாகணும். சாதாரண ஆபீஸ் கீபோர்டில் மூணாவது கீயை அமுக்கும்போது சில சேர்க்கைகளில் அது கம்னு இருந்துடும். சாய்வா ஓடிக்கிட்டே குதிக்கணும்னா குதிக்காது. உள்ளே கம்பிகள் கட்டம் கட்டமா ஓடுது, ஒவ்வொரு கீக்கும் தனி டயோடு இல்லை, அதனால் எந்தக் கீ அமுங்கியதுன்னு அதுக்கே குழப்பம். மெக்கானிக்கல் போர்டுகளில் கீக்கு ஒரு டயோடு போட்டிருப்பாங்க. இரண்டாயிரத்துச் சொச்சத்துக்கு வாங்குகிற மெக்கானிக்கலிலும் பெரும்பாலும் இது இருக்கு. ஆட்டத்தில் கிடைக்கிற பெரிய முன்னேற்றம் இந்த ஒண்ணில்தான். அதுக்கு மேல போடுகிற ஒவ்வொரு ஆயிரத்துக்கும் பலன் குறைஞ்சுக்கிட்டே வரும்.

அடுத்தது சுவிட்ச். வழுக்கிக்கிட்டு நேரா இறங்குவது லீனியர். நடுவில் லேசா முட்டுவது டாக்டைல். முட்டி டிக்குனு சத்தமும் போடுவது கிளிக்கி. செர்ரியின் சிவப்பு, பழுப்பு, நீலம் முறையே இந்த மூணு. செர்ரியின் காப்புரிமை 2014 வாக்கில் முடிஞ்சதும் கேட்ரான், கைல், அவுட்டெமுன்னு சீனக் கம்பெனிகள் இறங்கி, விலையும் இறங்கிச்சு. இப்ப நூத்துக்கணக்கான கலர். கலர் பேரை நம்பாதீங்க. ஒரு கம்பெனி மஞ்சளும் இன்னொரு கம்பெனி மஞ்சளும் சகோதரர்கள் இல்லை. எண்ணைப் பாருங்க. செர்ரி சிவப்பு 2 மில்லி மீட்டரில் பதிவாகும், மொத்தம் 4 மில்லி மீட்டர் இறங்கும், 45 கிராம் விசை. அவங்களுடைய ஸ்பீடு சில்வர் 1.2 மில்லி மீட்டரிலேயே பதிவாகும். ஆட்டத்துக்கு நல்லதுதான். ஆனா அதே போர்டில் கோடு அடிச்சா, கதை எழுதினா, விரலை லேசா வெச்சாலே எழுத்து விழும். நம்மில் முக்கால்வாசிப் பேருக்கு ஒரே கீபோர்டுதான் ஆபீஸுக்கும் ஆட்டத்துக்கும் பதிவுக்கும். தமிழில் எழுதுறவங்களுக்கு இன்னொரு கஷ்டம். தமிழ்99-ல் ஒரே மெய்யை இரண்டு தடவை அடிச்சா புள்ளி தானா விழுந்துடும். தெரியாம ஒரு க கூட விழுந்தா 'பகல்' 'பக்கல்' ஆயிடும் ;-)

கிளிக்கி வாங்கப் போறவங்களுக்கு ஒரே ஒரு கேள்வி: உங்க மேஜைக்கும் அடுத்தவர் தலையணைக்கும் எத்தனை அடி? எங்க வீட்டில் எட்டு. ஆகவே நான் லீனியர்.

சுவிட்ச்சை யூடியூபில் கேட்டு முடிவு பண்ணாதீங்க. அங்கே கேட்பது அவங்க மைக்கும் அவங்க மேஜையும். பத்துப் பன்னிரண்டு சுவிட்ச்சை ஒரு சின்னத் தட்டில் மாட்டி விற்கிறாங்க, சில நூறு ரூபாய்தான். இல்லைன்னா ரிச்சி ஸ்ட்ரீட் பக்கம் போகும்போது கடையில் திறந்து வெச்சிருக்கிறதை வெக்கப்படாம தட்டிப் பாருங்க. இதுக்கெல்லாம் மேல, வாங்கினா ஹாட்ஸ்வாப் போர்டு மட்டும் வாங்குங்க. சாலிடரிங் இல்லாம சுவிட்ச்சைப் பிடுங்கி வேற போடலாம். பிடிக்கலைன்னா சுவிட்ச்சை மட்டும் மாத்தலாம். ஒரு கீ கெட்டுப்போனா ஒரு சுவிட்ச் காசோட முடிஞ்சுது. நம்மூர்த் தூசியிலும் கடற்கரை ஊர்களின் ஈரக்காத்திலும் இது சின்ன விஷயம் இல்லை. வாங்கும்போது இரண்டு விஷயம் பாருங்க. ஒண்ணு, மலிவான சில போர்டுகளில் அவுட்டெமு சாக்கெட் இருக்கும், அதில் மெலிசான கால் உள்ள சுவிட்ச்தான் ஏறும். இரண்டு, ஐந்து கால் சுவிட்ச்சை மூணு கால் போர்டில் போடணும்னா அந்த இரண்டு பிளாஸ்டிக் காலை நகவெட்டியால் வெட்டிடலாம், பயப்பட வேண்டாம்.

காந்த சுவிட்ச் பற்றிச் சொல்லாம விட்டா சண்டைக்கு வருவீங்க. ஹால் எஃபெக்ட் என்பது இப்ப நேத்து வந்த மாதிரி விற்கிறாங்க. ஹனிவெல் 1960களின் கடைசியிலேயே இந்த முறையில் கீபோர்டு செஞ்சது. கேமிங்குக்குக் கொண்டுவந்து பிரபலப்படுத்தியது நெதர்லாந்தின் வூட்டிங். சாதாரண சுவிட்ச் ஆன், ஆஃப் மட்டும் சொல்லும். காந்தம், கீ இப்ப எத்தனை மில்லி மீட்டரில் இருக்குன்னு சொல்லும். அதனால விரலைத் தூக்க ஆரம்பிச்ச உடனே கீ விட்டதாகக் கணக்கு எடுத்துக்கலாம். இதுக்குப் பேர் ரேப்பிட் டிரிகர். கவுன்டர் ஸ்டிரைக்கில் ஓடிக்கிட்டு இருக்கும்போது சட்டுனு நின்னு சுடணும், நின்னாத்தான் குண்டு நேரா போகும். அங்கே இது நிஜமான உதவி. இதை நான் மறுக்கலை.

ஆனா அதுக்கு அடுத்த படிக்குப் போனாங்க பாருங்க, அங்கேதான் எனக்குப் பிரச்சினை. 2024 ஜூலையில் ரேசர் கம்பெனி ஸ்னாப் டாப் என்று ஒண்ணைக் கொண்டுவந்தது. இடதுக்கான கீயை விடாமலே வலதுக்கான கீயை அமுக்கினா, கடைசியா அமுக்கினதை மட்டும் கீபோர்டே எடுத்துக்கும். ஒண்ணை விட்டு இன்னொண்ணைப் பிடிக்கிற அந்த நேரக்கணக்கு இருக்கே, ஆட்டக்காரங்க வருஷக்கணக்கா ராத்திரி முழிச்சுப் பழகினது, அதை ஒரு செட்டிங் செஞ்சு கொடுத்துடுது. அடுத்த மாசமே, 2024 ஆகஸ்டில், வால்வ் கம்பெனி கவுன்டர் ஸ்டிரைக் 2-இன் அதிகாரபூர்வ சர்வர்களில் இதைப் பயன்படுத்தினா வெளியேத்துவோம்னு அறிவிச்சுது. ரேப்பிட் டிரிகரைத் தொடலை. என் ஓட்டு வால்வுக்கே. விரல் சொன்னதைச் சீக்கிரம் கொண்டுபோய்ச் சேர்க்கிறது கீபோர்டின் வேலை. விரல் சொல்லாததை அதுவே சேர்த்துச் சொன்னா அது ஆட்டக்காரன் வேலை. இரண்டுக்கும் நடுவில் கோடு எங்கேன்னு சண்டை போடலாம், கோடே இல்லைன்னு சொல்ல முடியாது. தவிர, காசு கொடுத்து வாங்கின ஒரு வசதியை ஆட்டம் நடத்துறவன் ஒரே நாளில் செல்லாதுன்னு சொல்லிடலாம் என்பதையும் வாங்குறவங்க மனசில் வெச்சுக்கணும். காந்த போர்டில் சாதாரண மெக்கானிக்கல் சுவிட்ச் பெரும்பாலும் வேலை செய்யாது. ஒரு கம்பெனி காந்தம் இன்னொரு கம்பெனி போர்டில் சரியா வராமலும் போகும். கஸ்டம் பண்ணுகிற சுதந்திரம் அங்கே குறைவு.

இனி கஸ்டம். ஒரே ஒரு வேலைதான் செய்யப் போறீங்கன்னா ஸ்டெபிலைசரைச் சரி பண்ணுங்க. ஸ்பேஸ் பார், என்டர், ஷிஃப்ட் மாதிரி நீளமான கீகளுக்கு அடியில் ஒரு கம்பி இருக்கு. அது காய்ஞ்சு கிடந்தா ஓட்டை சைக்கிள் மட்கார்டு மாதிரி கடகடன்னு ஆடும். கம்பியின் முனைகளில் கொஞ்சம் டைஎலக்ட்ரிக் கிரீஸ், அவ்வளவுதான். அஞ்சு கீ, ஒரு மணி நேரம். விலை கூடின போர்டு மாதிரி சத்தமே மாறிடும். சுவிட்ச்சுக்கு கிரீஸ் போடுவது வேற லெவல். 87 சுவிட்ச்சைத் திறந்து, சின்னத் தூரிகையால் கிரைடாக்ஸ் 205 ஜி0 தடவி, மூடணும். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுசும் போயிடும். நல்ல சுவிட்ச்களில் இப்ப தொழிற்சாலையிலேயே தடவி அனுப்பறாங்க, அதை வாங்கிட்டு ஞாயிற்றுக்கிழமை பிரியாணி சாப்பிடுங்க. 2020 நவம்பரில் அலிஎக்ஸ்பிரஸை இந்தியாவில் தடை பண்ணினதுக்கு அப்புறம் இந்த மாதிரி சில்லறைச் சாமான் வாங்குவது கொஞ்ச நாள் திண்டாட்டமா இருந்துச்சு. இப்ப உள்ளூர் ஆன்லைன் கடைகளே வெச்சிருக்காங்க.

வெளிச்சம் எதுக்கு எரியணும்னு ஆரம்பத்தில் ஒரு கேள்வி போட்டேனே. என் பதில் மென்பொருளில் இருக்கு. க்யூஎம்கே என்று திறமூல நிரல் ஒண்ணு இருக்கு, கீபோர்டுக்குள்ளேயே ஓடும். அதை ஏற்றுக்கொள்ளும் போர்டு வாங்கினா எந்தக் கீ என்ன செய்யணும், எப்ப எந்த லைட் எரியணும்னு நாமே எழுதிக்கலாம். கம்பெனிக்காரனின் 300 எம்பி சாப்ட்வேரும் வேண்டாம், அதுக்கு ஒரு லாகினும் வேண்டாம். என் போர்டு சாதாரணமா முழு இருட்டு. கேப்ஸ் லாக் போட்டா அது மட்டும் சிவப்பா எரியும். ஆட்டத்துக்கான லேயருக்குப் போனா நகர்கிற நாலு கீயும் சுத்தி இருக்கிற ஒரு ஆறேழு கீயும் எரியும், விண்டோஸ் கீ செத்துடும். தமிழ் லேயரில் நடுவரிசை மட்டும் பச்சை. இடது கையில் அ இ உ, வலது கையில் க ப ம த. ஆடும்போது அமுக்குகிற அதே நாலு கீதான் தமிழ்99-ல் ஈ, அ, இ, உ. உயிரைக் காப்பாத்திக்க ஓடுகிற கைதான் உயிரெழுத்துக் கையும்!

இதில் ஒரு நுணுக்கம் இருக்கு. கம்ப்யூட்டர் எந்த மொழியில் இருக்குன்னு கீபோர்டுக்குத் தெரியாது. மொழி மாத்துகிற ஷார்ட்கட்டையும் லைட்டையும் ஒரே கீயில் கட்டினா, நீங்க மவுஸால் மொழியை மாத்தும்போது இரண்டும் தாறுமாறாயிடும். பச்சை எரியும், இங்கிலீஷ் விழும். அதுக்கு வழி, மாத்தி மாத்திப் போகிற ஒரே ஷார்ட்கட்டை விட்டுட்டு, தமிழுக்கு ஒண்ணு இங்கிலீஷுக்கு ஒண்ணுன்னு விண்டோஸில் தனித்தனியா வெச்சு, கீபோர்டிலும் இரண்டு தனிக் கீ ஒதுக்குவது. இப்ப மவுஸால் மாத்தினாலும் அடுத்த தடவை கீயை அமுக்கும்போது சரியாயிடும்.

கடைசியா, என் போர்டில் இன்னும் தீராத குறை எழுத்துதான். பச்சை எரியுது, ஆனா எழுத்து இங்கிலீஷ். வெளிச்சம் புகுந்து வர்ற தமிழ்99 கீகேப் செட்டு யாராவது குறைஞ்ச எண்ணிக்கையில் செஞ்சு தர்றாங்கன்னா, கலர் எதுவானாலும் பரவாயில்லை, தகவல் சொல்லுங்க மக்களே. ண-வில் வெட்டு விழாம இருந்தா சரி.